பதினான்காம் கேள்வியின் அம்பு

கரிம வேதியியல் இரண்டாம் தாளில் நான் மூன்றாவது முறையும் தவறினேன். முதல் முறை நான் படிக்கவில்லை. இரண்டாம் முறை படித்தேன், ஆனால் புரியாமல் படித்தேன். மூன்றாம் முறை நன்றாகப் புரிந்து படித்தேன், அதனால் தவறினேன். இந்த மூன்றாவது காரணத்தை வீட்டில் விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தேர்ச்சிக்கு நாற்பது மதிப்பெண். எனக்கு முப்பத்தொன்பது. எங்கள் கல்லூரியில் நான்காவது முறை எழுத விடமாட்டார்கள். மூன்றோடு பெயரை அடித்துவிடுவார்கள். நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இருபதாம் தேதிக்குள் தேர்ச்சிச் சான்றிதழோடு போனால் சேரலாம். போகாவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். தேர்வு முடிவு வந்த அன்று தேதி இரண்டு.

அப்பா மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வருவதாலோ என்னவோ, முடிவைக் கேட்டுவிட்டு, "சரி, எறங்கினா ஏறித்தானே ஆகணும்" என்று மட்டும் சொன்னார். அம்மா வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவர் முழுக்க என் வேதிவினைகள்தான் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். ஒவ்வொன்றையும் அவளுடைய குண்டூசியால் அவளே குத்தியிருந்தாள்.

கரிம வேதியியல் படிக்காத பாக்கியசாலிகளுக்காக ஒரு வார்த்தை. ஒரு வினை நடக்கும்போது யார் யாருக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிறார்கள் என்று வரிசையாக வரைந்து காட்டுவதற்குத்தான் வினைவழிமுறை என்று பெயர். கொடுப்பதை வளைந்த அம்பு போட்டுக் காட்டவேண்டும். அம்பின் வால், எலக்ட்ரான் உள்ளவரிடம் இருக்கும். தலை, இல்லாதவரிடம் போய் முடியும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதையே எழுநூறு பக்கத்துக்கு இழுத்தது.

இந்த அவ்வளவுதான் என் மண்டையில் ஏற ஒரு வருஷம் பிடித்தது. திரைக்கு அளவு வெட்டிய பழுப்புக் காகிதத்தில் எல்லாம் அம்பு போட்டேன். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் அதில் ஓர் எஸ்டரை வரைந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கார்பனைல் சேர்மங்களை ஒப்பித்தேன்; அழுகை எதனால் வருகிறது என்று எனக்கே தெரியாது. அம்மா ஒரு கையால் துணியை நகர்த்திக்கொண்டே மறு கையால் ஏதாவதொரு சீட்டைக் காட்டுவாள், நான் சொல்லவேண்டும். எட்டாவது வரை படித்த அம்மா ஆறு மாதத்தில் என்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

"அம்பு எங்க கெளம்பும்?"

"ஆக்சிஜன்லேர்ந்து."

"ஏன்?"

"அதுகிட்ட ரெண்டு எலக்ட்ரான் சும்மா இருக்கு."

"இருக்கறவன் இல்லாதவனுக்குக் குடுக்கறான். உலகத்துல வேற எங்கயும் நடக்காதது இந்தப் பாடத்துல மட்டும் நடக்குது. அதான் எனக்கு இது புடிச்சிருக்கு" என்பாள் அம்மா.

அப்படிப் படித்துவிட்டுப் போய் எழுதியதற்குத்தான் முப்பத்தொன்பது.

விடைத்தாளைப் பார்க்க விண்ணப்பித்தேன். எங்கள் தேர்வுப் பிரிவில் விடைத்தாளைக் காட்டுவது ஒரு பெரிய சடங்கு. தனி அறை. பேனா, கைப்பை, கைக்குட்டை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பலகை, அதன் அடியில் விடைத்தாள். எதிரே 'விடைத்தாள் காட்டும் அலுவலர்' கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். நான்கு நிமிடம். பார்க்கலாம், வாய்விட்டுப் படிக்கக் கூடாது. விதி ஆறின்படி விடைத்தாள்மீது கண்ணீர் விழக் கூடாது.

"அதான் கண்ணாடி போட்டிருக்கீங்களே சார்" என்றேன்.

"கண்ணாடி போன வருஷம் வந்தது. விதி அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றார் அலுவலர்.

மூன்றாவது நிமிடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். பதினான்காம் கேள்வி. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் ஆகும் வினை, முதல் படி, ஒரு மதிப்பெண். ஆக்சிஜனிலிருந்து புறப்பட்டு புரோட்டானுக்குப் போகிற மாதிரி அம்பு வரைந்திருந்தேன். அதன்மேல் சிவப்பு மையில் 'அம்பு திசை தவறு' என்று எழுதியிருந்தது.

புரோட்டானிடம் ஒன்றுமே கிடையாது. ஹைட்ரஜன் தன்னிடம் இருந்த ஒரே ஓர் எலக்ட்ரானையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிற நிலைக்குத்தான் புரோட்டான் என்று பெயர். அது எதை எடுத்து யாருக்குக் கொடுக்கும்? நான் அலுவலரிடம் விடைக்குறிப்பைக் காட்டச் சொன்னேன். விடைக்குறிப்பைக் காட்ட விதி இல்லை, ஆனால் கீழே நுழைவுக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்.

நுழைவுக் கூடத்தில் ஒரு பளிங்குக்கல் உண்டு. ஆளுயரம். கல்லூரியின் வெள்ளிவிழாவுக்கு வைத்தது. ஐந்து வருஷமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், மழைக்கு ஒதுங்கும்போது அதில் குடையைச் சாய்த்தும் வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். எஸ்டர் வினையின் முதல் படி, தங்க நிறத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அம்பு, ஒன்றுமில்லாத புரோட்டானிலிருந்து கம்பீரமாகக் கிளம்பி ஆக்சிஜனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே, 'வரைந்தவர்: துறைத்தலைவர்' என்று இருந்தது. அந்தத் துறைத்தலைவர்தான் இப்போது இயக்குநர்.

நேராகப் பென்சீன் சாரிடம் ஓடினேன். அவர் எங்களுக்குக் கரிம வேதியியல் எடுத்தவர். பேசும்போது பென்சீன் வளையம் மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார், அதனால் அந்தப் பெயர்.

"உன் அம்பு சரிதாம்மா" என்றார் சுற்றியபடியே. "நானே பாத்தேன். நாந்தான் உன் பேப்பரைத் திருத்தினேன்."

"அப்ப தப்புன்னு போட்டது யாரு சார்?"

"அதுவும் நாந்தான்."

"போடும்போது கை கூசலியா சார்?"

"மொத வருஷம் கூசிச்சு" என்றார். பிறகு நின்று, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "கடைசி வகுப்புல சொன்னேனே. வருஷா வருஷம் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டுச் சொல்லுவேனே. வெளியில அம்பு இந்தப் பக்கம், நம்ம வளாகத்துக்குள்ள அந்தப் பக்கம்னு. நீ வரலையா?"

நான் வரவில்லை. அந்த வாரம் எனக்கு மஞ்சள் காமாலை. பிறகு தவறிய தாளை வெளியிலிருந்து எழுதியவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கடைசி வகுப்புக்கு மட்டும் எல்லா வருஷமும் நூற்றுக்கு நூறு வருகை இருந்ததன் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம், தேதி ஆறாகிவிட்டது.

மேல்முறையீடு எழுதினேன். எட்டு பக்கம். அதைப் படித்துவிட்டு, படித்தார்களோ இல்லையோ, 'அம்புத் திசை ஆய்வுக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். மூன்று பேர். தலைவர், இயக்குநரே. தம் படத்தைப் பற்றிய புகாரைத் தாமே விசாரிப்பது முறையா என்று கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாமவர் தேர்வு அதிகாரி. மூன்றாமவர் வெளி நிபுணர். வேதியியல் தெரிந்தவரைப் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார் என்பதால், விளையாட்டுத் துறையிலிருந்து வில்வித்தைப் பயிற்சியாளரை அழைத்திருந்தார்கள்.

குழு பதின்மூன்றாம் தேதி கூடியது. நீள மேஜை, நான்கு தண்ணீர்க் குவளை, எனக்கு நாற்காலி இல்லை. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கோபமே இல்லாத குரல். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த அம்பை நான் வரையும்போது எனக்கு முப்பத்தெட்டு வயசும்மா. அன்னைக்கு யாராவது தப்புன்னு சொல்லியிருந்தா அப்பவே திருத்தியிருப்பேன். யாரும் சொல்லல. யாரும் சொல்லாததனால அது சரின்னு ஆயிடுச்சு. அப்புறம் கல்லுல ஏறிடுச்சு. கல்லுல ஏறினதை விடைக்குறிப்புல சேத்தோம், விடைக்குறிப்புல இருக்கறதைப் பசங்க எழுதினாங்க. இந்தப் பத்தொன்பது வருஷத்துல நாலாயிரம் பேர் அம்பை இப்படிப் போட்டு மார்க் வாங்கிட்டுப் போயிருக்காங்க. இன்னைக்கு நீ சொல்ற மாதிரி மாத்தினா அவங்க நாலாயிரம் பேர் கதி என்ன? அதுல பதினோரு பேர் இதே துறையில பாடம் எடுக்கறாங்க. ஒரு புள்ளையோட ஒரு மார்க்குக்காக நாலாயிரம் பேரை அவமானப்படுத்தறதா?"

தேர்வு அதிகாரி தலையாட்டினார். "தவிர, அந்தப் புரோட்டான் தரப்பையும் யோசிக்கணும். ஒண்ணுமே இல்லாதவன்னு சொல்லி அதை மட்டம் தட்ட வேண்டியதில்ல. நம்ம குறிக்கோள் எல்லாரையும் சமமா மதிக்கறது."

வில்வித்தைப் பயிற்சியாளர் ரொம்ப நேரமாக என் விடைத்தாளையும் கல்லின் புகைப்படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அம்பு எடுக்கறவன்கிட்ட அம்பு இருக்கணும்ல? இந்தப் புரோட்டானுக்கு எச்னு போட்டிருக்கே, இவன்கிட்ட ஏதாவது இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். விண்ணப்பதாரர் தம்மைக் கேள்வி கேட்டால் மட்டும் பேசலாம் என்று தேர்வு அதிகாரி நினைவூட்டினார். இயக்குநர் பயிற்சியாளரின் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி சொன்னார். மைதானத்தில் அவருக்கு வேலை இருக்கும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். அவர் எழுந்து போகும்போது என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அந்தக் கட்டடத்தில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான், அவரும் போய்விட்டார்.

"பேச்சு எதுக்கு?" என்றார் இயக்குநர். "அறிவியல்னா சோதனை. வினையை நம்ம கண்ணு முன்னாடி நடத்திக் காட்டட்டும். எலக்ட்ரான் எந்தப் பக்கம் போவுதுன்னு நாம நேர்ல பாத்துக்கலாம்."

ஆய்வகத்துக்கு எல்லோரும் ஊர்வலமாகப் போனோம். அந்த வினையை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன். சோதனைக்குழாயில் அசெட்டிக் அமிலம், அதன்மேல் அமைல் ஆல்கஹால், சில துளி கந்தக அமிலம். சுடுதண்ணீரில் வைத்துக் காத்திருந்தேன். பிறகு சோடா உப்புக் கரைசலில் ஊற்றினேன், நுரைத்துப் பொங்கியது. சற்று நேரத்தில் அந்த அழுக்கு ஆய்வகம் முழுக்கப் பழுத்த வாழைப்பழ வாசனை பரவியது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்த இடத்தில் சந்தோஷமாகிவிடும், அன்றைக்கும் ஆனது. கொடுப்பவன் சரியாகக் கொடுத்ததால்தான் இந்த வாசனை என்று சொல்ல வந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இயக்குநர் குனிந்து முகர்ந்தார். தேர்வு அதிகாரி குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுவரச் சொன்னார்.

குழுவின் தீர்மானம் பதினைந்தாம் தேதி கைக்கு வந்தது. 'வாழைப்பழ வாசனை வந்தது உறுதி செய்யப்பட்டது. குழாயினுள் அம்பு எதுவும் தென்படவில்லை. எனவே, நிறுவப்பட்ட அம்பை மாற்றுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை.'

அடுத்த பத்தியில் கருணை இருந்தது. மாணவியின் எதிர்காலத்தை உத்தேசித்து, அவர் தம் பிழையை உணர்ந்தால் ஒரு மதிப்பெண் வழங்கப்படும். உணர்ந்ததற்கு அடையாளமாகப் பதினான்காம் கேள்வியின் முதல் படியைப் பளிங்குக்கல்லில் உள்ளபடி நூறு முறை வரையவேண்டும். தாள் ஒன்றுக்குப் பத்து. ஒவ்வொரு தாளின் அடியிலும், 'அம்பின் திசையைச் சரிபார்த்தேன்' என்று பெற்றோர் கையொப்பமிட வேண்டும்.

ஐந்து நாள்தான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பத்து அம்புகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கை தானாகவே ஆக்சிஜனிடம் போய்விடும், அடித்துவிட்டு மறுபடி போடுவேன். முப்பதைத் தாண்டியதும் சுளுவாக வந்தது. எண்பதுக்கு மேல் நான் பார்க்கவே இல்லை, பேனாவே போட்டது.

கையெழுத்துக்கு அம்மாவிடம் போனேன். அப்பா இரட்டை ஷிஃப்டில் இருந்தார். அம்மா மெஷினை நிறுத்தி, முதல் தாளை வாங்கிப் பார்த்தாள். விரலால் ஒவ்வோர் அம்பையும் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"என்னடி இது, பத்தும் தப்பா போட்டிருக்கே?"

"அப்படித்தாம்மா போடணும்."

"ஒண்ணுமில்லாதவன் குடுக்கறான்னு எப்படிடி?"

"கையெழுத்துப் போடும்மா."

"சரிபாத்தேன்னு எழுதியிருக்கு. தப்புன்னு தெரிஞ்சிட்டு சரிபாத்தேன்னு எப்படிப் போடறது?" அம்மா குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே வழி கேட்டாள். "எனக்குத் தெரியாத விஷயம்னா கண்ணை மூடிட்டுப் போட்டிருப்பேன். இது எனக்குத் தெரியுமே."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எட்டாவது படித்தவளுக்கு எதுக்கு இந்த வேலை என்கிற மாதிரி ஒன்று. இருபதாம் தேதி, வேலை, அடுத்த ஆள் என்றும் சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பத்துத் தாளிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கையெழுத்துப் போட நேரமாகும்.

"அந்தச் சீட்டை மட்டும் எடுக்கமாட்டேன்" என்றாள், சுவரைக் காட்டி. எஸ்டர் வினையின் முதல் படி இருந்த சீட்டு அது. மெஷினுக்கு நேர் மேலே, அவள் தலைநிமிர்ந்தால் தெரிகிற இடத்தில் குத்தியிருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி சான்றிதழ் கிடைத்தது. இயக்குநர் தாமே கையால் கொடுத்தார். நூறு அம்பையும் தாம் எண்ணிப் பார்த்ததாகவும், கடைசி இருபதில் உண்மையான ஈடுபாடு தெரிந்ததாகவும் பாராட்டினார்.

இருபதாம் தேதி காலை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ஈரத் தரை, குளோரின் வாசனை, அலமாரி நிறையச் சீட்டு ஒட்டிய பாட்டில்கள். எங்கள் தெருக் குழாயின் பாட்டில்கூட ஒன்று இருந்தது. மேலாளர் சான்றிதழை வாங்கி ஒருபக்கம் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஒரே ஒரு கேள்வி. எஸ்டர் ஆகறதோட முதல் படி. அம்பு போட்டுக் காட்டு."

பேனாவை எடுத்தேன். ஆக்சிஜனை வரைந்தேன், புரோட்டானை வரைந்தேன். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சுவரில் அவருடைய பட்டம் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், வெறும் நாள்காட்டிதான் இருந்தது.

"சார்" என்றேன். "நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"சும்மாதான் சார்."

"நீ சும்மா கேக்கல." அவர் சிரித்தார், நல்ல மனுஷர் சிரிக்கிற சிரிப்புதான். "பேப்பரை மடிச்சு வை, வரைய வேண்டாம். வர்றவங்ககிட்ட எல்லாம் இதைத்தான் கேக்கறேன். எடுத்தவுடனே மடமடன்னு போடறவங்களை நான் சேத்துக்கறதில்ல, எந்தப் பக்கம் போட்டாலும் சரி. இங்க மேலிடத்துலேர்ந்து இந்த ரிசல்ட்தான் வேணும்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி ஆளுங்க பாட்டிலைத் தூக்கிட்டு வந்து, தண்ணி இப்படிச் சொல்லுது சார்னு நிப்பாங்க. யாருக்குப் போடறோம்னு கேட்டுட்டுப் போடத் தெரிஞ்சவங்கதான் நமக்கு வேணும். நாளைக்கே வந்துடும்மா."

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர். குடித்தேன்.

"கேள்வி ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அந்த அம்புதான்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. ஐந்து நாளாக அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது சுவர் அருகே போய், அந்தச் சீட்டின்மேல் விரலை வைத்தாள். "அங்க எல்லாம் சரியாத்தானே கேப்பாங்க. இதே மாதிரிதானே போட்டே? இது சரிதானே?"

நான் சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துதான், நான் வரைந்த அம்புதான். ஆக்சிஜனிலிருந்து புறப்பட்டு புரோட்டானுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தேன். அது சரியா, தப்பா என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

"நீ எப்படிச் சொல்றியோ அப்படித்தாம்மா" என்றேன்.

அம்மா சீட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.